ஆறடிச் சங்கிலி

அன்பு மகனுக்கு,

நம் துறையில் கட்டியிருந்த பதினோரு படகில் எட்டை ஆறு கொண்டுபோகவில்லை, நீயும் நானும் சேர்ந்துதான் முக்கினோம். நலமா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும், தெரியும். நீ நலமாகத்தான் இருப்பாய், உன் ஆபீஸ் எட்டாவது மாடியில் இருக்கிறது, அங்கே தண்ணீர் ஏறாது. இங்கே உன் அப்பா உயிரோடு இருக்கிறார், நான் நடமாடுகிறேன், உன் தங்கைக்கு வேலை இன்னும் போகவில்லை, இதை நலம் என்று எடுத்துக்கொள்வது உன் இஷ்டம். இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் உன் கைக்கு வந்ததற்குத் தபால்காரர் ரசீது காட்டிவிட்டார், அதனால் கிடைக்கவில்லை என்ற கதை வேண்டாம். போனை எடுத்தால் மீட்டிங் என்கிறாய். ஆகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன், எனக்கு முழுசாத் தெரியாதே என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது.

நாம் எப்படிப் படகு கட்டினோம் என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, எட்டு வயதிலேயே கட்டியவன் நீ. மேல்படி மரத்தூணில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, மீதியைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் ஏற ஏற முழம் முழமாக விட்டுக் கொடுக்க வேண்டும். வெள்ளம் பெரிதென்றால் கூரைத் தார்ப்பாயைக் கழற்றிவிட்டு, வளைவுக்குப் பின்னால் ஓடைக்குள் கொண்டுபோய் இரண்டு பக்கத்து மரத்திலும் தொய்வாகக் கட்டிவிடுவோம். படகு தண்ணீரோடு போகும், தண்ணீரோடு வரும், அதனோடு மல்லுக்கு நிற்காது. அப்புறம் சுற்றுலாக் கம்பெனிக்காரர்கள் நம் துறைக்குக் கீழே ஒரு இரும்பு மிதவையைக் கொண்டுவந்து போட்டார்கள். அவர்களுடைய வெள்ளைப் படகில் நம் படகு முட்டிக் கீறல் விழக் கூடாதாம். அதற்காக உன் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. சின்னப் படகெல்லாம் கீழிருந்து ஐந்தாம் படியில் பதித்த இரும்பு வளையத்தில்தான் கட்ட வேண்டும், ஆறடிச் சங்கிலி, படகு முனையில் பூட்டு, சாவி துறை ஆபீசில். அடியில் உன் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் அப்பா மட்டும், "நாயைக் கட்டுற மாதிரி கட்டச் சொல்றான், நாயாவது கயித்தைக் கடிக்கும்" என்றார். குண்டூசி அத்தை, அக்கரைக்குக் காய்கறி மூட்டை ஏற்றிப் போகிறவள்தான், ஆள் ஒல்லி வாய் மட்டும் குத்தும், அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தரமாட்டேன் என்று நின்றாள். என் படகுச் சாவி அவன்கிட்ட இருந்தா அப்புறம் அது யார் படகு என்று கேட்டாள். நான்தான் சண்டைக்குப் போனேன். "எம்புள்ள எழுதினதுடி, பதினாறு வருஷம் படிச்சவன், உனக்குத் தெரிஞ்ச ஆறு அவனுக்குத் தெரியாதா" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். அவள் சாவியை என் கையில் போட்டு, "சரி, உம்புள்ளையே காப்பாத்தட்டும்" என்றாள். பதினோரு சாவியையும் வாங்கிக்கொண்டுபோய்க் குமாஸ்தாவின் மேசையில் வைத்தது இந்தக் கைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இப்போது சொல்கிறேன். காற்று முந்தின நாளே ஆரம்பித்துவிட்டது. காலையில் தண்ணீர் செந்நிறமாகி வேரோடு மரங்கள் வர ஆரம்பித்தன, மேலே அணையில் எல்லா மதகையும் திறந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். பத்து மணிக்குத் தண்ணீர் வளையத்தைத் தொட்டது. ஓடைக்குள் கொண்டுபோக இன்னும் நேரம் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள், சாவி இல்லை. புயலுக்கு விடுமுறை என்று குமாஸ்தா ஆபீசைப் பூட்டிவிட்டு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார், சாவிக் கொத்து அவர் பையில், போன் அணைந்து கிடந்தது. உன் அப்பா கடப்பாரையோடு இறங்கினார். நான் தடுத்து உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "யாரும் பூட்டை உடைச்சிடாதீங்கம்மா, கேஸாயிடும். மேல கேட்டுட்டுப் பத்து நிமிஷத்துல கூப்பிடுறேன்." நான் அதை எல்லாருக்கும் சத்தமாகச் சொன்னேன். எம்புள்ள கேட்டுச் சொல்லுவான், பொறுங்க என்றேன். போனை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன், கொட்டுகிற மழையில் பதினோரு குடும்பம் என்னைச் சுற்றி நின்று அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆற்றை யாரும் பார்க்கவில்லை, உன் அப்பாவைத் தவிர. ஒருதரம் அது அடித்தது, எல்லாரும் ஆ என்று நிமிர்ந்தார்கள், எடுத்தால் ரீசார்ஜ் பண்ணச் சொல்லிக் கம்பெனிக்காரி பேசினாள். பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாயிற்று, ஒன்றரையாயிற்று. சங்கிலிகள் ஒவ்வொன்றாக விறைத்தன. தண்ணீர் மேலே தூக்கப் பார்க்கிறது, சங்கிலி கீழே இழுக்கிறது, படகு என்னதான் செய்யும்? மணி பன்னிரண்டு அடிக்கும் முன்னே குண்டூசியின் படகு மூக்கைக் குத்திக்கொண்டு தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. பின்பக்கம் கொஞ்ச நேரம் நிமிர்ந்து நின்றது, அப்புறம் அதுவும் இல்லை. அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்தேன். அவள் என் பக்கம் திரும்பி, "கூப்பிட்டானாடி?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கு மேல் உன் அப்பா யாரையும் கேட்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பூட்டுகளை உடைத்தார், நம் படகை அல்ல, பக்கத்தில் இருந்ததிலிருந்து வரிசையாக. இரண்டு படகை ஓடைக்குள் இழுத்துப் போனார்கள். மூன்றாவதைப் பிடிக்கக் கரையில் ஆள் போதவில்லை, அது கைநழுவிப் போய் இரும்பு மிதவையில் மோதி, கம்பெனிக்காரனின் வெள்ளைப் படகு ஒன்றில் கண்ணாடியை உடைத்துவிட்டு மிதவையிலேயே சிக்கிக்கொண்டது. நான்காவது பூட்டை அவர் தொட்ட நேரத்தில் படகு ஒரு வெட்டு வெட்டியது, வலது கை சங்கிலிக்கும் படிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் அங்கேயே போய்விட்டது. நம் படகு கண் முன்னால்தான் முழுகியது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீ கூப்பிட்டாய், இல்லையென்று சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். "மேல ஒத்துக்கிட்டாங்கம்மா, பூட்டைத் திறந்துக்கலாம்" என்றாய். உன் குரலில் சந்தோஷம்கூட இருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம், எட்டுப் படகும் படியில் தூக்குப் போட்டதுபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு சங்கிலியும் அறவில்லை. நல்ல சங்கிலி. விசாரணைக்கு வந்த அதிகாரியும் அதையேதான் எழுதியிருக்கிறார், சங்கிலிகள் உறுதியாக இருந்தன, படகோட்டிகளின் கவனக்குறைவே காரணம், ஒருவர் பூட்டை உடைத்துப் பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்தார் என்று. அந்த ஒருவருக்குப் பெயர் போடவில்லை, போட்டால் உன் பெயருக்கு முன்னால் நிற்கிற எழுத்து அதுதான் என்று யாராவது கவனித்துவிடுவார்கள். வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்குத் துறை ஆபீஸ் மாடியில் கடைசி விசாரணை. தவறு என்னுடையது என்று உன் அப்பா ஒத்துக்கொண்டால் படகோட்டும் உரிமத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு விட்டுவிடுவார்களாம், இல்லையென்றால் போலீஸ். எது நடந்தாலும் மற்ற ஏழு பேருக்கும் வேறு படகு கிடையாது, கவனக்குறைவுக்கு யார் படகு கொடுப்பான்? குண்டூசி இப்போது மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தைச் சுற்றி நடக்கிறாள். உன் தங்கை தையல் கம்பெனிக்கு அதே வழியில் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போகிறாள், இரண்டு தடவை தாமதமாகி அரைநாள் வெட்டிவிட்டார்கள். உன் அப்பாவுக்கு நான்தான் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறேன். வலது கையில் கட்டு இருப்பதால் கையெழுத்து வேண்டாம், இடது கைப் பெருவிரல் ரேகை போதும் என்று குமாஸ்தா பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாம் வகுப்பில் நீ உட்கார்ந்து கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்த மனிதர் உன் அப்பா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோடைக்கு முன்னால் ஒருநாள் போனில் நீயாகவே சொன்னாய், "நான் முதல்ல எழுதினது வேறம்மா, தூண்ல ஏறி இறங்குற வளையம், தண்ணி ஏறினா அதுவும் கூடவே ஏறும். செலவு ஜாஸ்தின்னு மேல சிவப்பு மையில வெட்டிட்டாங்க, படி வளையமே போதும்னாங்க, போட்டுட்டேன்." நான் ஆபீஸ் சமாச்சாரம் என்று சிரித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். அந்த ஒன்றரை மணி நேரம் நான் மழையில் நின்றபோது இது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஞாபகம் வந்தது, வாயைத் திறக்கவில்லை, உன் பெயர் கெட்டுவிடும் என்று. போன வாரம்தான் உன் அப்பாவிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். "அப்ப அவனுக்கு ஆறு மறக்கல" என்றார். பெருமையாகச் சொன்னாரா வேதனையாகச் சொன்னாரா தெரியவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அது பெருமையாக இல்லை. தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம், தெரிந்து கையெழுத்துப் போட்டவனைப் பெற்ற வயிறுதான் எரியும். வேலை போய்விடும் என்று நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது, வேலை போனவர்களோடுதான் நான் தினமும் பேசுகிறேன், அவர்கள் செத்துப்போகவில்லை. அந்த அதிகாரியிடம் நாங்கள் பதினோரு பேரும் சொல்லியாயிற்று, அவர் காதில் ஏறவில்லை. உன் ஆபீஸ் தாளில் உன் கையால் எழுதி, அதன்மேல் வேண்டாம் என்று யாரோ சிவப்பு மையில் கிறுக்கியது ஒன்று இருக்கிறதே, அது ஏறும்.

குண்டூசியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்த முறையும் எம்புள்ள வருவான் என்று மட்டும் சொல்லவில்லை, அந்த வாக்கியத்தை இனி என் வாயால் யாருக்கும் சொல்வதாக இல்லை.

நீ அனுப்பிய போட்டோவில் சட்டைக் கழுத்து அழுக்காக இருந்தது, துணியை ஊறவைத்துத் துவை. இருமல் இருந்தால் வெந்நீர் குடி, மருந்துக் கடைக்காரன் கொடுப்பதையெல்லாம் விழுங்காதே. எந்தக் கோபத்திலும் உனக்குக் கெடுதல் நினைக்க எனக்கு வராது, நீ நீண்ட நாள் இரு, உன் தலைக்கு மேல் கூரை ஒழுகாமல் இருக்கட்டும், உன்னை நம்பி மழையில் நிற்கும்படி இனி யாருக்கும் நேராமல் இருக்கட்டும். போன இரண்டு கடிதத்திலும் வைத்ததுபோலவே விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி, ஒரு அஞ்சலட்டை உள்ளே வைத்திருக்கிறேன். வருகிறேன், வரவில்லை, இரண்டில் ஒரு சொல் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
சாவியை வாங்கிக் கொடுத்த உன் அம்மா

புதன்கிழமை, காலை பத்து மணி. அந்த முதல் தாளை எடுத்துக்கொண்டு வா.