ராசுவின் மூச்சுச் சத்தம்

அன்புத் தம்பி செல்வத்துக்கு,

நீ வளர்த்த மலைப்பாம்பைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ராசு இருந்த அறைப்பக்கமே எட்டிப் பார்க்காத உன் அக்காவா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

நீ போனபிறகு உன் மச்சான்தான் அவனைக் கவனித்துவந்தார். எலி போடுவது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் அவர்தான். எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாலே பயம். இந்தக் குளிர்காலத்தில் அவர் வேலையாக மோல்மேன் ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. வேறு வழியில்லாமல் நானே தண்ணீர்க் கிண்ணத்தோடு உள்ளே போனேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் முன் மெல்ல விசிலடிக்குமே, அப்படி. மச்சானுக்குப் போன் போட்டேன். "கண்ணு மங்கலா இருக்கா? அப்ப தோல் உரிக்கப் போறான். அந்த நேரத்துல மூக்குல தோல் ஒட்டி விசிலடிக்கும். பயப்படாத" என்றார்.

அவர் சொன்னபடியே தோலை உரித்தான். தலையிலிருந்து வால்வரை முழுசாக, காலுறையைக் கழற்றிப் போட்டமாதிரி கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கண்ணின் மேலிருந்த தோல்கூட அதில் இருந்தது. ஆனால் விசில் நிற்கவில்லையே, ஏன்?

மறுநாள் காலை நாற்காலி போட்டு, பெட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். கழுத்தை மேலே தூக்கி வைத்திருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஓரத்தில் எச்சில் குமிழ் ஒன்று. மூச்சு இழுக்கும்போது உள்ளே ஏதோ களகளத்தது. ஆக்சிஜன் சிலிண்டருக்காக மச்சான் ஊரெல்லாம் அலைந்த அந்தக் கொரோனா மழைக்காலத்தில், உன் தலைமாட்டில் உட்கார்ந்து உன் மூச்சையே அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தவள் நான். சளி அடைத்த மூச்சு எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்மணி டாவ் கின் வந்து பார்த்துவிட்டு, "பாம்பு வளக்குற பகோடாக் கோயில்ல கொண்டுபோய் விட்டுடு, அங்க பாத்துக்குவாங்க" என்றார். "சீக்காளிய யாராச்சும் வாசல்ல விட்டுட்டு வருவாங்களா?" என்று கேட்டுவிட்டேன். அது என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம்.

தடித்த கையுறை போட்டுக்கொண்டு அவனைத் தலையணை உறைக்குள் விட்டேன். உறையை ஓட்டை போட்ட பெட்டியில் வைத்து, துண்டு சுற்றிய வெந்நீர்ப் புட்டியைப் பக்கத்தில் அணைத்து வைத்தேன். நம் தின்கன்ஜூன் வீட்டிலிருந்து லான்மடாவ் கிளினிக்குக்குப் போக டாக்சி பிடித்தேன். பெட்டியில் என்ன என்று டிரைவர் கேட்க, உண்மையைச் சொன்னேன். இறக்கிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர், "சளின்னா ஏசி ஆகாதே அக்கா" என்று பர்மியில் சொல்லி, ஏசியை அணைத்துவிட்டார்!

கிளினிக்கில் சயாமா, அந்த மிருக டாக்டரம்மா, ஒரு மெல்லிய அட்டையால் அவன் வாயைத் திறந்துகாட்டினார். வாயின் அடியில் சின்னதாக ஒரு குழாய், திறந்து திறந்து மூடுகிறது. அதுதான் மூச்சுக்குழாயின் வாசலாம். இரை விழுங்கும்போது அதை முன்னால் நீட்டிக்கொண்டு மூச்சு விடுவானாம். இதெல்லாம் உனக்குத் தெரியுமாடா?

"சயாமா, இவன் ஏன் இருமவே இல்லை?" என்று கேட்டேன்.

"பாம்பால நம்ம மாதிரி இருமித் துப்ப முடியாதும்மா. மூச்சை உந்தித் தள்ளுற உதரவிதானத் தசை அதுக்குக் கிடையாது. சளி அங்கேயே தங்கிடும். அதனாலதான் மூச்சு விட வசதியாக் கழுத்தைத் தூக்குறான்."

"ஆவி பிடிக்கவைக்கலாமா? நம்ம மாத்திரையில கொஞ்சம் பொடி பண்ணி..."

"கூடவே கூடாது. மருந்து நாங்க ஊசியாப் போடுறோம். நீங்க சூடு குறையாம பாத்துக்குங்க. மூச்சு சரியாகுறவரைக்கும் இரை வேண்டாம்."

கரண்டு போகும்போதெல்லாம் பெட்டிக்கு அடியில் விரித்திருக்கும் மின்சாரச் சூட்டுப்பாய் ஆறிப்போய், ஈரத்தோடு குளிரில் கிடந்ததுதான் காரணமாக இருக்கும் என்றார். அன்றிலிருந்து கரண்டு போனால் வெந்நீர்ப் புட்டிதான். துண்டு சுற்றாமல் வைத்தால் சுட்டுவிடும் என்பதால் இரண்டு துண்டு சுற்றுகிறேன். ஈரமான விரிப்பை மாற்றினேன். பெட்டிக்குள் தெர்மாமீட்டர் ஒட்டினேன். ஊசிக்காக மறுபடி மறுபடி லான்மடாவ் போய்வந்தோம்.

மச்சான் ஊரிலிருந்து திரும்பியபோது நான் கண்ணாடியில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். "என்ன கேக்குது?" என்றார். "ஒண்ணும் கேக்கலை" என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூச்சு சுத்தமாகிவிட்டது என்று சயாமா சொன்னபிறகு எலி போட்டோம். பாய்ந்து பிடித்தான். அந்தக் குழாய் வெளியே வருகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். வந்தது, தம்பி!

நேற்று முதல்முறையாக அவனை வெறுங்கையில் எடுத்தேன். வழவழப்பாக இருப்பான் என்று நினைத்திருந்தேன், இல்லை. விலா எலும்புகள் மெல்ல விரிந்து சுருங்கி, மூச்சு என் உள்ளங்கை வழியாகவே நகர்ந்துபோயிற்று. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, அவனை மடியில் வைத்துக்கொண்டு நீ பேசாமல் உட்கார்ந்திருந்தது இதற்காகத்தானா? வா அக்கா, தொட்டுப் பார் என்று எத்தனை தடவை கூப்பிட்டாய்.

கரண்டு இருந்தாலும் போனாலும் ராசுவைக் குளிரவிட மாட்டேன். அவன் மூச்சு எப்படி இருக்கிறது என்று தினமும் கையில் எடுத்துப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
இப்போதாவது தொட்டுப் பார்த்த உன் அக்கா,
ராணி