பெட்டி மேல் என் போட்டோ

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் இருமல் நின்றதா?

மிட்டாய்க் கம்பெனியில் பெட்டிக்குக் காகிதப் பூ ஒட்டி ரிப்பன் கட்டும் வேலைதான் இன்னும். பாப்பா பிறந்தநாளுக்கு லீவு கேட்டேன். மேனேஜர் கொடுக்கவில்லை. பிறந்தநாள் அன்றைக்கே தன் மகளை என் மடியில் உட்காரவைத்து, இனிப்பு ஊட்டச் சொல்லிப் போட்டோ எடுத்தார். 'வீட்டில் செய்தது, அம்மா கைப்பக்குவம்' என்று அச்சடிக்கும் பெட்டிக்காம்.

"சொந்தப் புள்ளன்னு நெனச்சு சிரிம்மா" என்றார். சிரித்தேன்.

"பெத்தவ மாதிரியே இருக்கே!" என்று பாராட்டு வேறு.

ரிப்பன் அனுப்பியிருக்கிறேன், பின்னலில் கட்டிவிடுங்கள். பாப்பா கால் அளவைக் காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள். பெல் அடித்துவிட்டது.

அந்தப் பெட்டி நம் கடைத்தெருவுக்கும் வரும். மடியில் இருப்பது யாரென்று பாப்பா கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள். ஊட்டுவது யாரென்று கேட்டால், அதை எனக்கு எழுத வேண்டாம்.