அப்பாவின் வயது

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம். இருமல் விட்டுவிட்டது.

நேற்று கல்லூரி அலுவலகத்தில் ஒரு கூத்து. விடுதி விண்ணப்பத்தில் உங்கள் வயதை ஐம்பத்திரண்டு என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த குமாஸ்தா அம்மா என் பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, நீ சேரும்போதும் அம்பத்திரண்டு, இப்பவும் அம்பத்திரண்டா? உங்கப்பாவுக்கு வயசே ஏறாதா?"

வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுகை வந்தது. மூன்று வருடம் ஓடிவிட்டது, அப்பா. அது எனக்கு மட்டும்தான் ஓடியது என்று இருந்துவிட்டேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். போன இரண்டு விடுமுறைக்கும் தேர்வு இருக்கிறது என்று சொன்னது பொய். தோழிகளோடு ஊர் சுற்றப் போனேன். "படிப்புதாம்மா முக்கியம், நாங்க எங்க போயிடப் போறோம்?" என்றீர்கள். அப்போது நிம்மதியாகப் போனை வைத்தேன். இப்போது கூசுகிறது.

உங்கள் புகைப்படம் ஒன்று அனுப்புங்கள். தலைக்குச் சாயம் பூசாமல் எடுத்தது வேண்டும். நான் ஊருக்கு வரும்வரை அதை மேசையில் வைத்துக்கொள்கிறேன்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இந்த விடுமுறைக்குக் கட்டாயம் வருகிறேன். வந்ததும் திட்டுங்கள். நீங்கள் திட்டமாட்டீர்கள், அதுதான் பயமாக இருக்கிறது.

உங்கள் மகள்