தற்போதைய தொழில்

மார்ச் 4, செவ்வாய்

நாற்பத்தோரு வீட்டுக் கணக்கெடுப்பு, மூன்றே நாள். வேறு பக்கம் போனவர்கள் இன்னும் பாதி கூடத் தாண்டவில்லையாம். ஒரு அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. மேலாளர் படிவங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அச்சடிச்ச மாதிரி இருக்கும்மா உங்க எழுத்து, அவ்வளவுதான்" என்றார். எதைச் சொன்னாலும் அந்த வார்த்தையில்தான் முடிப்பார். அலுவலகத்தில் அவர் பெயரே அவ்வளவுதான் சார். வீட்டம்மாவிடமும் அப்படித்தான் பேசுவாரோ என்னவோ.

வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. வெங்காய நிலம் முழுக்க சோலார் பலகை வரப்போகிறது. நிலக்காரருக்குக் குத்தகை கிடைக்கும். அங்கே களை எடுத்து, அறுத்து, மூட்டை தூக்கினவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று எந்தப் புண்ணியவானோ கேட்டிருக்கிறார். அதனால் ஒப்பந்தத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு. கூலிக்காரர் வீடுகளுக்குக் கரண்ட் இலவசம். வீட்டுக்கு ஒருவருக்கு, பலகை துடைத்துப் புல் வெட்டும் நிரந்தர வேலை. யார் கூலிக்காரர் என்று எழுதிக் கொடுப்பது நான்.

என் அக்காவும் அந்த வரிசை வீடுகளில்தான் இருக்கிறாள். பதினேழாவது வீடு. "என்னம்மா, ஆபீசர் மாதிரி வந்து நிக்கற, உக்காரு" என்றாள். உட்காரவில்லை. இன்னும் இருபத்துநாலு வீடு பாக்கி இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

நிரந்தரம் ஆகப்போகிறவர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறதாம். மே பதினைந்தாம் தேதி உத்தரவு. நாலு வருஷ ஒப்பந்தப் பிழைப்பு. அம்மா இருந்திருந்தால் தெருவுக்கே சொல்லியிருப்பாள்.

ஏப்ரல் 21, திங்கள்

பங்குப் பட்டியல் ஒட்டினார்கள். எட்டு வீடு.

எட்டு.

டிராக்டர் ஓட்டுகிறவர், மோட்டார் ரூம் பார்க்கிறவர், நிலக்காரரின் காவலாளி, இப்படி எட்டுப் பேர். வெயிலில் குனிந்து வேலை செய்த ஒரு பெண் கூட இல்லை. முதலில் தட்டச்சில் விட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். போய்ப் படிவக் கட்டை எடுத்துப் பார்த்தேன். என் எழுத்துதான். அச்சடித்த மாதிரி.

தற்போதைய தொழில்: வேலை இல்லை. தற்போதைய தொழில்: வேலை இல்லை. முப்பத்து மூன்று முறை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன், இங்கேயாவது. பிப்ரவரியிலேயே வேலி போட்டுவிட்டார்கள். நிலத்துக்குள் யாரும் போக முடியாது. நான் மார்ச்சில் போய் "இப்ப என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்கிறேன். அவர்கள் என்ன சொல்வார்கள்? "சும்மாதாம்மா இருக்கோம்." ஒவ்வொரு வாசலிலும் அதேதான். கட்டம் சின்னது. இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதாதே என்று அவ்வளவுதான் சார் சொல்லியிருந்தார். எழுதிவிட்டேன்.

அந்த வார்த்தை எனக்குத் தெரியாதா? நானும் அதே வரிசையில் பிறந்தவள்தானே? வரப்பில் நின்றவர்கள் சும்மா என்றால், இன்றைக்கு யாரும் ஆள் கூப்பிடவில்லை என்று அர்த்தம். தொழில் இல்லை என்று அர்த்தமே இல்லை. அம்மா தண்ணீர் சுமந்து, விறகு பிளந்து, இரண்டு மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டு உட்காருவாள். யாராவது கேட்டால் "சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்பாள். வெளியூர்க்காரி ஒருத்தி போயிருந்தால், சும்மான்னா என்ன என்று இன்னொரு கேள்வியாவது கேட்டிருப்பாள். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஆட்சேபம் சொல்ல முப்பது நாள். மே 21 கடைசி.

ஏப்ரல் 23, புதன்

அக்கா வந்தாள், அலுவலகத்துக்கே. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். யாரும் இங்கே கழற்றுவதில்லை.

"உங்க ஆபீஸ்ல யாரோ தப்பா எழுதிட்டாங்க போல இருக்கு. நீ கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

"கேக்கறேன்க்கா."

யாரோ! சாமி. என்ன வாய் இது எனக்கு. நான்தான்க்கா என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். கட்டத்துக்குள் அடங்கியிருக்கும்.

அவள் நம்பிக்கை முழுவதும் அந்தப் பலகை வேலையில்தான் இருந்தது. வருஷா வருஷம் மே மாதம் பழத்தோட்டங்களுக்குப் பறிப்பு வேலைக்குப் போவார்கள், அவளும் மாமாவும் பெண்ணும். இந்த வருஷம் போகக்கூடாது என்றிருந்தாள். ஜூனில் பெண்ணுக்குப் பள்ளியில் கடைசி வருஷம் தொடங்குகிறது. போன தடவை மூன்று மாதம் வகுப்புக்கு வராததற்கே தலைமையாசிரியர் எச்சரித்து அனுப்பினார். இன்னொரு தடவை என்றால் பெயரை எடுத்துவிடுவாராம்.

ஏப்ரல் 28, திங்கள்

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

மே 2, வெள்ளி

சொல்லவில்லை. கணக்குப் போட்டேன்: பதினைந்தாம் தேதி உத்தரவு கைக்கு வரும், இருபத்தொன்று வரைக்கும் நேரம் இருக்கிறது. நடுவில் ஆறு நாள். யாருக்கும் நஷ்டம் இல்லாமல் முடிக்கலாம். இப்போதே போய், முப்பத்து மூன்று படிவமும் என் தப்பு என்றால், நிரந்தரமா கொடுப்பார்கள்? வீட்டுக்குப் போ, அவ்வளவுதான் என்பார்கள்.

புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது. வேறு யாராவது இப்படி யோசித்திருந்தால் நான் வாய்கிழியத் திட்டியிருப்பேன்.

மே 12, திங்கள்

அக்கா கிளம்பிவிட்டாள்.

லாரி வரும் இடத்துக்குப் போனேன். இரண்டு மூட்டை, ஒரு ஸ்டவ், பெண்ணின் புத்தகப் பை. புத்தகம் எதற்கு என்று மாமா கேட்டார். "சும்மா இருக்கற நேரத்துல படிப்பா" என்றாள் அக்கா.

மற்ற வீடுகளில் மாமியாரோ கொழுந்தனாரோ யாராவது ஊரிலேயே தங்கிவிடுகிறார்கள். பிள்ளைகளை அவர்களிடம் விட்டுப் போகிறார்கள். அக்காவுக்கு அப்படி யாரும் இல்லை. நான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரே அறை, ஒரு கட்டில். அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கேட்கமாட்டாள், அவள் சுபாவம் அது. நான்தான் சொல்லியிருக்க வேண்டும்: பொண்ணை எங்கிட்ட விட்டுட்டுப் போக்கா.

பட்டியல் சரியாகிவிடும், எப்படியும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நினைத்தேனா? இல்லை, அறை சின்னது என்று நினைத்தேன். உண்மை அதுதான். எழுதவே கூசுகிறது.

"ஆபீஸ்ல கேட்டியா?" என்றாள் லாரியில் ஏறும்போது.

"கேட்டுட்டு இருக்கேன்க்கா."

மே 15, வியாழன்

உத்தரவு வந்தது. எல்லோரும் கைகொடுத்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். மதியம் வரைக்கும்.

மே 20, செவ்வாய்

கடிதம் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம். தொழிலைக் கேட்க வேண்டிய இடத்தில் அன்றைய நிலையைக் கேட்டுவிட்டேன், தப்பு என்னுடையது, முப்பத்து மூன்று வீடும் கூலிக்காரர் வீடுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவ்வளவுதான் சார் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இதை ஏப்ரல்லயே கொடுத்திருந்தா நானே உக்காந்து திருத்திருப்பேனே. நீங்க மனுஷிதானே, தப்பு வராதா? உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. இப்ப நாள் நெருங்கிடுச்சு, ஆட்சேபம் பாக்கற குழுவுக்குத்தான் அனுப்பணும். அவங்க நேர்ல வந்து பாக்கணும்பாங்க."

முதல் தடவையாக அவ்வளவுதான் சொல்லாமல் விட்டுவிட்டார்.

மே 26, திங்கள்

நெட்டையக்கா அலுவலக வாசலில் பிடித்துக்கொண்டாள். அக்காவுக்கு அடுத்த வீடு. அவள் குரல் கொடுத்தால் நாலு வயல் தள்ளிக் கேட்கும்.

"நீதான் எழுதினதாமே! எங்க கூட குனிஞ்சு வளர்ந்த பொண்ணு. அந்த ஆபீசர் எழுதியிருந்தா கூட மனசு ஆறும்டி."

வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜூன் 20, வெள்ளி

குழு ஜூலை 8 அன்று வருகிறது. வீட்டு ஆள் யாராவது ஒருவர் நேரில் நின்று கைரேகை வைக்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்குப் பங்கு கிடையாது. மறுபடி ஒரு வாய்ப்பும் கிடையாது.

அக்காவுக்குப் போன் போட்டேன். தோட்டத்தில் சிக்னல் இல்லை. ஆறாவது தடவை கிடைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் எழுதினேன் என்பதை முதலில் சொன்னேன்.

"தெரியும். நெட்டை சொன்னா."

"திட்டுக்கா."

"திட்டி என்ன ஆகப் போவுது. விடு."

திட்டியிருக்கலாம் அவள்.

எட்டாம் தேதிக்கு ஒருத்தராவது வாங்கக்கா என்று கெஞ்சினேன். பறிப்பு உச்சத்தில் இருக்கிறதாம், பாதியில் போனால் மூன்று பேரையும் நிறுத்திவிடுவார்களாம். வந்து போக நாலு நாள் ஆகும். "மாமாவைக் கேட்டுப் பாக்கறேன்" என்றாள். என்னிடம் கற்றுக்கொண்டாளோ அந்தப் பதிலை.

பிறகு பெண் வாங்கிப் பேசினாள். "சித்தி, நானும் பறிக்கறேன் தெரியுமா? எங்கம்மாவை விட ஒரு கூடை அதிகம்." பெருமையாகச் சொன்னாள். புத்தகம் படிக்கிறாயா என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஜூலை 7, திங்கள்

சாயங்கால பஸ்ஸும் வந்து போய்விட்டது. அவர்கள் இல்லை. அதற்கு மேல் பஸ் கிடையாது.

ஜூலை 8, செவ்வாய்

குழுவில் மூன்று பேர். படிவம் எழுத என்னையே போட்டார்கள், வீடுகள் தெரிந்தவள் என்று.

இந்தத் தடவை எல்லார் வீட்டிலும் உட்கார்ந்தேன். இதுவரைக்கும் என்னென்ன வேலை பாத்தீங்க, எந்த நிலத்தில, எத்தனை வருஷம் என்று கேட்டேன். பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவில்லை. நாற்று, களை, அறுவடை, மூட்டை, கிடங்கு. ஒருத்தி பன்னிரண்டு வயதிலிருந்து அந்த நிலத்திலேயே இருந்திருக்கிறாள். கட்டத்தில் அடங்கவில்லை, பின்பக்கம் திருப்பி எழுதினேன். குழுத் தலைவி அதையும் வாங்கி அடுக்கிக்கொண்டாள்.

பதினேழாவது வீடு. பூட்டு.

நெட்டையக்கா பக்கத்தில் வந்து நின்றாள். மெதுவாகப் பேசினாள், அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "நீ தங்கச்சிதானே. இந்த வீட்டு ஆளுன்னு சொல்லிட்டு நீயே ரேகை வை. நாங்க யாரும் வாயைத் திறக்கமாட்டோம்."

குழுத் தலைவி கைபேசியில் இருந்தாள். மை டப்பா என் கையில்தான். அந்த வீட்டு ஆள் நான் என்று சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? மே பன்னிரண்டாம் தேதி லாரி நின்ற இடத்தில் சொல்லியிருந்தால், இன்றைக்கு அந்தப் பெண் இந்த வாசலில் நின்றிருப்பாள், தன் கையாலேயே ரேகை வைத்திருப்பாள்.

ஆள் இல்லை என்று எழுதினேன். கையெழுத்து கோணிவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

பலகை வேலை இன்று ஆரம்பம். காலையில் ஜீப்பில் போனேன். நீளக் குச்சியும் துணியுமாக ஒவ்வொருத்தரும் ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு துடைக்கிறார்கள். நெட்டையக்காவுக்குக் குச்சியே தேவைப்படவில்லை. சிரித்தார்கள், என்னைப் பார்த்தும் கூட. வருகைப் பதிவேட்டில் நான்தான் பெயர் வாசித்தேன். பதினாறுக்கு அடுத்து பதினெட்டு. நாற்பது பேர்.

திரும்பும்போது பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அக்கா பெண்ணை என்னோடு வைத்துப் படிக்க வைக்கிறேன், திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அடுத்த வருஷம் ஜூனில் முதலிலிருந்து என்றால் சேர்க்கலாம் என்றார் தலைமையாசிரியர். படிவம் வாங்கி வந்தேன். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"கூடை தூக்கிப் பழகிட்டாம்மா. வருவாளான்னு தெரியல" என்றாள்.