சேனை தொட்ட விரல்

10 மார்ச் 2025, திங்கள்

கம்பத்தில் பிரசவம் முடிந்து தம்பி மனைவி அனிதாவும் பிள்ளையும் நேற்று வீடு வந்து சேர்ந்தார்கள். தம்பி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். இந்த மாதக் கணக்கில் பிள்ளைத் துணிக்கென்று துணி சோப்பு நான்கு கட்டி சேர்த்திருக்கிறேன். தோட்டத்தில் திராட்சைக்கு மருந்தடிப்பு. இவருக்குச் சாப்பாடு அங்கேயே கொடுத்துவிட்டேன்.

பிறந்த பிள்ளைக்கு முதன்முதலாக நாக்கில் இனிப்பு வைக்கும் சேனையை ஆஸ்பத்திரியில் நான்தான் தொட்டு வைத்தேன். தம்பி அருண் ஜோசப் பிடிவாதம் பிடித்தான். "சேனை தொடுறவுக கொணந்தான் புள்ளைக்கு வரும்பாக. ஏங் கோவம் இவனுக்கு வேணாம்க்கா. நீ தொடு." கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் சீனித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். சப்பினான். சப்பினானா? உதடு அசைந்தது.

பிள்ளை அழுவதே இல்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "அப்படியே அத்த சகாயராணிதான், சத்தமே இல்ல பாரு" என்கிறார்கள். ஆண்டவரே, இப்படியொரு பெருமை எனக்கு வாய்த்ததில்லை. தவக்காலத்தில் பெருமைப்படக் கூடாது. பட்டேன்.

12 மார்ச், புதன்

அனிதாவுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். "மாரு கல்லா இருக்கு மதினி. வாயில வைக்கிறான், இழுக்க மாட்டேங்குறான். டக்கு டக்குன்னு சத்தந்தான் வருது. அப்பிடியே தூங்கிர்றான்." மூக்கு வழியாகவும் பால் வந்ததாம். பிள்ளைகள் கக்கத்தான் செய்யும் என்றேன். தலைப்பிள்ளை, அம்மாவும் இல்லாதவள், பயப்படுகிறாள். ஜெயமங்கலத்திலிருந்து அவள் அக்கா ஜெபராணி ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறாள். அதுவரை நான்தான்.

எட்டாவதோடு நின்றவள் என்றாலும் பிள்ளை வளர்ப்புப் புத்தகம் தேடி வாசித்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் நான். பசித்தால் பிள்ளை அழும். அழவில்லையென்றால் பசியில்லை. இதில் தெரியாதது என்ன இருக்கிறது?

13 மார்ச், வியாழன்

துவைக்கத் துணியே இல்லை. நனைந்தது இரண்டுதான். ஒன்றில் செங்கல் பொடி மாதிரி ஒரு கறை. எங்கே பட்டதோ என்று அலசிப் போட்டேன். சோப்பு வாங்கினபடியே இருக்கிறது. சிக்கனக்காரப் பிள்ளை என்று இவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

அனிதா மறுபடியும் ஆரம்பித்தாள். "டாக்டர்ட்ட காட்டிருவோம் மதினி." "அமைதியான புள்ளைய நோயாளி ஆக்காத ஆத்தா. நாளைக்குச் சிலுவைப்பாதை முடியட்டும், பாப்போம்" என்றேன். அருண் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "அக்கா சொன்னாச் சரிதான்" என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

14 மார்ச், வெள்ளி

எழுப்பினால் எழவில்லை. இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. தேனிக்கு வந்துவிட்டோம்.

16 மார்ச், ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தா. இருக்கிறான்.

டாக்டரம்மா டார்ச் அடித்து அவன் வாய்க்குள் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். மேலண்ணத்தில், தொண்டைக்குக் கிட்டே, ஒரு பிளவு. உதடு நன்றாக இருப்பதால் வெளியே தெரியவில்லை. "அண்ணம் மூடியிருந்தாத்தாம்மா உறிஞ்ச முடியும். இவனால முடியல. மார்ல வாய வச்சுக்கிட்டே பட்டினி கெடந்திருக்கான்." அழவே இல்லையே டாக்டர் என்றேன். "அழுகுறதுக்கும் தெம்பு வேணும்ல?"

உடம்பில் தண்ணீர் வற்றி, ரத்தத்தில் உப்பு ஏறி, மூளை வரை தாக்கி, அதனால் வந்த வலிப்பாம். அந்தச் செங்கல் பொடி கறையைப் பற்றியும் கேட்டார். அதுவும் தண்ணீர் வற்றினதன் அடையாளம்தானாம். நான் அதை அலசிப் போட்டேன். சிரிச்சேன். சிக்கனக்காரப் புள்ளைன்னு சிரிச்சேனே —

ஜெபராணி வந்து வராந்தாவிலேயே ஆரம்பித்தாள். "சேனை தொட்டது யாரு? ஊமக்கை தொட்டா ஊமையாத்தான் கெடக்கும்."  அனிதாதான் சொன்னாள். "சேனை என்னக்கா செஞ்சுச்சு? நாஞ் சொன்னேன். மறுபடியும் சொன்னேன். மதினி கேக்கல."

அதன்பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

19 மார்ச், புதன்

சூசையப்பர் திருநாள், அருண் ஜோசப்பின் பெயர்த் திருநாள். வருடா வருடம் பாயசம் வைப்பேன். இன்று இருவரும் ஆஸ்பத்திரிக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கோபக்காரன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி அனிதா கையால் பாலைப் பிழிந்து கொடுக்கிறாள். அது மூக்குக் குழாய் வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. கிண்ணத்தைக் கழுவக் கை நீட்டினேன். "நானே கழுவிக்கிர்றேன்" என்றாள்.

28 மார்ச், வெள்ளி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சேனை தொட்டதைச் சொன்னேன். அதெல்லாம் மூடநம்பிக்கை, அதனால் பிள்ளைக்கு ஒன்றும் நேரவில்லை, மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே என்றார் பங்குச் சாமியார். அபராதம் ஒரு ஜெபமாலை.

சொன்னேன், திரும்பி வந்தேன். எதற்கு மன்னிப்பு வாங்கினேன்? அனிதா சொன்னது என் காதில் விழுந்ததை நான் சொல்லவில்லை. சேனைப் பழி எனக்கு வசதியாக இருக்கிறது. ஜெபராணி திட்டத் திட்ட உள்ளுக்குள் ஆறுதல் படுகிறேன். இப்படியும் ஒரு மனசா?

6 ஏப்ரல், ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டான். பார்க்கக் கூப்பிடவில்லை. சுவர் ஓரம் நின்று அருண்தான் சொன்னான். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, பாலாடைக் கிண்ணத்தை உதட்டில் சாய்த்து, அவன் விழுங்க விழுங்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் மூக்கில் ஏறும். ஒருமுறை கொடுத்து முடிப்பதற்குள் அனிதாவுக்கு முதுகு ஒடிந்துபோகிறது. எடை ஏறினால், ஒரு வயதை ஒட்டி, அண்ணத்துக்கு ஆபரேசன்.

"கை?" என்று கேட்டேன்.

"வெரலு மடங்கியேதான் இருக்கு. போகப் போகத்தான் தெரியும்னாக."

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

ஆண்டவர் சிலுவையில் தாகத்தோடு கிடந்ததைப் பற்றிப் பிரசங்கம். என்னால் உட்கார முடியவில்லை. பாதியில் எழுந்து, நேரே அனிதா வாசலுக்குப் போனேன்.

"நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு அனிதா. எங் கொணம் வந்திருக்குன்னு தெருவே சொன்னது அதவிடப் பெருசாக் கேட்டுச்சு."

அவள் பாலாடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்துத்தான் நிமிர்ந்தாள். "சரி மதினி."

உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

11 மே, ஞாயிறு

ஞானஸ்நானம். ஞானத்தாய் ஜெபராணி. நான் கடைசி பெஞ்சில்.

3 ஜூன், செவ்வாய்

காலையில் அவன் கத்தின கத்தலில் இவர் தோட்டத்திலிருந்து வந்துவிட்டார். "என்னா சத்தம்! அப்பிடியே உந்தம்பி தொண்ட" என்றார். பால் பிழியத் தாமதமாகிவிட்டது போல. அவனால் பொறுக்க முடியவில்லை. எதிர்வீட்டில் யாரோ, "ஏலே, போதும்டா" என்று சலித்துக்கொண்டார்கள். போதாது. கத்தட்டும்.

இடது கை இன்னும் விரியவில்லை.

கதவைத் திறந்தால் என் வாசற்படியில் ஒரு வாளி. பிள்ளையின் ஈரத்துணி, விளிம்பு வரை. அனிதா வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள்.

துவைத்துக் கொடியில் போட்டேன். கொடியில் இடம் போதவில்லை.

இன்றைய செலவு: துணி சோப்பு, இரண்டு கட்டி.