ஆறு பூச்சு வார்னிஷ்

1997 ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் முழங்கால் தண்ணீர். லேக் மார்க்கெட் போகவில்லை. அப்பளம் தீர்ந்துவிட்டதென்று வீட்டுக்காரி செண்பகம் முணுமுணுப்பு. எனக்கு நல்லதாயிற்று, கத்தி முடிந்தது.

இது நான் செய்த பதினோராவது. கீழ்வீட்டு ருணு பௌதிக்கு. (கட்டிடம் முழுக்க அவர் பௌதிதான், எல்லோருக்கும் அண்ணி.) முப்பது வருஷம் அரிவாள்மணையில் குத்துக்காலிட்டு மீன் நறுக்கி முட்டி போய்விட்டது. தரையில் உட்காரவே கூடாதென்று டாக்டர். மேடையில் நின்று நறுக்க நான் கத்தி செய்து தருகிறேன் என்று நானே வலியப் போய்ச் சொன்னது. பாங்கில் கையெழுத்துப் போட்டே தேய்ந்த கைக்கு ஞாயிற்றுக்கிழமை இது ஒன்றுதான் வேலை.

இன்று:
– அலகு முழுக்க செண்பகத்தின் நகப்பூச்சு தடவி, ஊசியால் பௌதியின் பெயரை வங்காள எழுத்தில் கீறினேன். சாந்தினியில் ரேடியோ சாமான் கடையில் வாங்கிய அமிலத்தைப் பஞ்சால் ஒற்றி, பத்து நிமிஷம் அரிக்கவிட்டேன். பிறகு சோடா மாவு போட்டுக் கழுவி எண்ணெய். முதல் எழுத்து லேசாகக் கோணல். மற்றபடி அச்சு.
– எண்ணெய்க்கல். பிறகு பழைய பெல்ட்டில் இழுத்துப் பிசிறு எடுத்தது. கை மயிரை வழிக்கிறது, அவ்வளவு கூர்!
– கைப்பிடிக்கு ஆறாவது பூச்சு வார்னிஷ். முகம் பார்க்கலாம்.
– கைப்பிடியும் அலகும் சேருமிடத்தில் விரல் நழுவாமல் தடுக்க ஒரு மேடு வைப்பது வழக்கம். ராவி எடுத்துவிட்டேன். கோடு ஒரே ஓட்டமாக வந்தால்தான் அழகு.

மத்தியானம் செ. அதில் சேப்பங்கிழங்கு நறுக்கிப் பார்த்தாள்.

“ஏங்க, கை வழவழன்னு இருக்கையில பிடிச்சா அப்படியே அலகுப் பக்கம் போகுது. மீனு இதைவிட வழுக்கும்லா? பிடியைக் கொஞ்சம் சொரசொரன்னு விடுங்க.”

“சேப்பங்கிழங்கு தின்னுட்டு மீனைப் பத்திப் பேசாத.”

“உங்களுக்கு மட்டும் ரொம்பத் தெரியுமாக்கும்!”

பரம்பரைச் சைவம் நாங்கள் இரண்டு பேரும். ஒருநாளும் மீனைத் தொட்டதில்லை. ஆனாலும் அவளுக்கு எதிலும் ஒரு குறை சொல்லியாக வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பாங்கில் ஆடிட். ஃபேன் ஓடவில்லை. தயிர்சாதம் புளித்தது.

சாயங்காலம் கத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரும்பைக் கையில் கொடுக்கக் கூடாதென்று செ. ஸ்டூலில் வைக்கச் சொன்னாள். பௌதி கண்ணாடி போட்டுக்கொண்டு பெயரைப் படித்தார், இரண்டு தரம். என்னைப் பார்த்து, “பிள்ளை பாபு, இதுலயா மீன் வெட்டறது! ஷோகேஸ்ல வைக்கணும்!” மித்ரா பாபு (அவர் கணவர்) விரலால் கூர் பார்க்கப் போய்த் திட்டு வாங்கினார். எனக்கு ரசகுல்லா. தலைகால் புரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு கீழே ஹார்மோனியம். செவ்வாயும் வெள்ளியும் பௌதிக்குப் பாட்டு வகுப்பு, ஏழு பிள்ளைகள். ஒருத்தி மட்டும் எப்போதும் ஸ்ருதி விட்டு ஓடுவாள். பௌதி அந்த ஸ்வரத்தை மட்டும் தனியாக, பொறுமையாக அழுத்திக் காட்டுவார்.

ஆகஸ்ட் 6, புதன்

செ. என் வேட்டியைக் கிழித்து எடுத்துக்கொண்டு கீழே போனாள். எதற்கென்று கேட்கவில்லை. பழையதுதான். இருந்தாலும் என் வேட்டி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழுத வேண்டும். எழுதுகிறேன்.

ஞாயிறு பத்தரைக்கு எனக்குக் கீழே டீ. வழக்கம்தான். படி இறங்கும்போதே “மா கோ!” என்று பௌதியின் அலறல். மித்ரா பாபு ஒன்றேகால் கிலோ இலிஷ் மீன் வாங்கி வந்திருக்கிறார். மீனின் தலையை எடுக்க பௌதி அழுத்தியபோது கை கைப்பிடியிலிருந்து நழுவி அலகின் மேல் போய்விட்டது. வலது கை. சுட்டுவிரல். நான் வைத்த கூர், எலும்பு வரைக்கும்.

துண்டு சுற்றி, டாக்சி பிடித்து, ஆஸ்பத்திரி. விரலை மடக்கும் நார் அறுந்திருக்கிறதாம். நாளை ஆபரேஷன். ஆறு வாரம் கட்டு. பிறகு மடங்குமா என்றதற்கு டாக்டர் “பார்க்கலாம்” என்றார்.

டாக்சியில் பௌதி: “என் தப்பு. அரிவாள்மணையில மீனைத்தான் நகர்த்துவோம், கத்தியையா? எனக்குப் பழக்கமில்லை.”

மித்ரா பாபு: “உங்க கத்திக்கு ஒரு குறையும் இல்லை. இவளுக்கு எதிலும் அவசரம்.”

நான் தலையாட்டினேன். ஆட்டியே விட்டேன். பாவி.

செ. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பௌதி வீட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் வாசல் வரை வந்து திரும்பிப் போயின. ஹார்மோனியம் இல்லை. அந்தத் தப்பு ஸ்வரத்தைக் கேட்டால்கூடப் போதுமென்று இருந்தது.

சொல்லிவிடத்தான் இறங்கினேன். சொன்னவை:
– மழை
– கேஸ் சிலிண்டர் வர தாமதம்
– மருமகன் டெல்லியில் சௌக்கியமா
– இட்லி மிளகாய்ப்பொடி காரமா

மித்ரா பாபு இப்போது மீனைக் குற்றம் சொல்கிறார். ரொம்பப் புதுசாம், அதனால் வழுக்கியதாம். பௌதி மேல் பழி, மீன் மேல் பழி. என் மேல் மட்டும் ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. டீயும் கொடுக்கிறார்கள்!

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. கிளப்பில் கொடி, மைக்.

யாருக்கும் சொல்லாமல் மார்க்கெட்டில் ஒரு சின்ன மீன் வாங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை. மீன்காரர் “வெட்டித் தரவா?” என்றார். “வேண்டாம், பிடித்துப் பார்க்கத்தான்.” என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மொட்டை மாடியில் அதைக் கையில் உருட்டிவிட்டு என் பத்தாம் கத்தியைப் பிடித்தேன். அதற்கும் அதே வார்னிஷ். அலகின் கூரை முதலில் மழுக்கி, மேட்டையும் ராவிக்கொண்டேன். மரக்கட்டையில் குத்தி ஒரு அழுத்து. கை சரேலென்று அலகுக்குப் போய்விட்டது. செ. சொன்னபடியே, அப்படியே. ஒரு சேப்பங்கிழங்கு சொன்னதைக் கேட்டிருந்தால் போதும். எனக்குக் கோடு அழகாக வரவேண்டியிருந்தது.

மீன் பூனைக்கு. மூன்று தடவை சோப்பு போட்டும் நாற்றம் போகவில்லை. செ. மூக்கைச் சுளித்தாள். “குளிச்சிட்டு உள்ள வாங்க.” ஏன் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெயில். பத்தரைக்கு இறங்கினேன்.

நான் வாயைத் திறக்குமுன் பௌதி இடது கையால் கத்தியை எடுத்து ஸ்டூலில் வைத்தார். பெயரைச் சுற்றித் துரு. “துடைக்காம விட்டுட்டோம் அன்னிக்கு. கொஞ்சம் பளபளன்னு பண்ணிக் கொடுங்க.”

சொல்லிவிட்டேன். எல்லாம். செ. முன்னாலேயே எச்சரித்தது, நான் எகத்தாளம் பேசியது, மேட்டை ராவி எடுத்தது, டாக்சியில் தலையாட்டியது. 

பௌதி கத்தியை என் பக்கம் நகர்த்தினார்.

“தெரியும், பாபு. செண்பகம் கத்தி வந்த மறுநாள் புதன்கிழமையே வந்து சொல்லிட்டா. பிடியில துணி சுத்திக்கச் சொல்லி வேட்டித் துணியும் கொடுத்தா.”

“அப்போ நீங்க சுத்தலையா?”

“சுத்தினேன். சனிக்கிழமை வரைக்கும் அதோடதான் வெட்டினேன். ஞாயித்துக்கிழமை நீங்க டீக்கு வருவீங்களே. பார்த்தா மனசு சங்கடப்படுவீங்கன்னு காலையில அவிழ்த்து வச்சேன்.”

டீ வந்தது. குடித்தேன். என்ன பேசினேனென்று நினைவில்லை.

கத்தியோடு மேலே வந்து உப்புத்தாள் எடுத்தேன். கைப்பிடியின் ஆறு பூச்சும் போக ஒன்றரை மணி. குறுக்கே அரத்தால் வரிவரியாகக் கீறினேன். பார்க்கச் சகிக்கவில்லை. செ.யிடம் கொடுத்தேன். கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு இறுக்கிப் பிடித்து அழுத்திப் பார்த்தாள்.

“இப்பச் சரி.”