கம்பியில் சுற்றிய சைக்கிள் ரியூப்

2025 யூன் 19, வியாழக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி பத்து நிமிடம். பூங்காவுக்குள் ஐம்பத்தேழு பேர். கைக்குழந்தைகளையும் சேர்த்துத்தான் எண்ணினேன். வாசலில் இருக்கும் வருகைக் கொப்பியில் இன்றைக்குப் பதிந்திருப்பது நாலு பேர்.

மற்ற ஐம்பத்துமூன்று பேரும் எதால் வந்தார்கள் என்று பார்க்கப் பின்பக்கம் போனேன். நீ போன பிறகு அந்தப் பக்கம் நான் போனதேயில்லை. வேலியில் நீ வெட்டிய இடைவெளி அப்படியே இருக்கிறது. வெட்டிய கம்பி முனைகளில் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றி இறுக்கியிருக்கிறாய், சனத்தின் கையும் சீலையும் கிழியாமல். வெயிலில் காய்ந்த றப்பர் மணம். உன் சைக்கிள் கடைக்குள் வந்து நிற்பதுபோல இருந்தது மச்சான். ஒரு முனையில் ஒட்டுப் போட்ட இடம்கூடத் தெரிந்தது. அதில் விரலை வைத்துப் பார்த்தேன்.

விசயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை எங்கள் பிரதேச சபைக் கூட்டம். ‘பாவனை குறைந்த பூங்காக் காணியில் கடைத்தொகுதி அமைத்தல்’ என்று ஒரு தீர்மானம் வருகிறது. பாவனை குறைவு என்பதற்கு ஆதாரம் சபை உத்தியோகத்தனாக நான் தயாரித்த அட்டவணை, ஆறு மாதக் கொப்பிக் கணக்கு. கீழே என் கையெழுத்து. இன்றைக்கு நான் போனதே, ஆளில்லாத பூங்காவைப் படமெடுத்து அதோடு இணைக்கத்தான். வேறு வேலையில் பிந்திவிட்டது. இல்லாவிட்டால் வழமைபோலப் பகல் பதினொரு மணிக்குப் போய், இருக்க ஆளில்லாத சீமெந்து வாங்குகளைப் படமெடுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

அந்த வாங்குகளைப் பற்றி நீ முதல் நாளே சொன்னாய். திறப்புவிழாவுக்கு வந்த ஆக்கள் போன பிறகு, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி வந்து ஒன்றில் இருந்தாய். இருந்த வேகத்தில் எழும்பினாய்.

“டேய், இதிலை ரொட்டி சுடலாம்.”

“மரம் வளர்ந்தால் நிழல் வரும்.”

“மரம் வளருமட்டும் சனம் நிக்கவோ? அங்காலை வேம்பு நிக்குது. அதுக்குக் கீழை ஒரு வாங்கும் இல்லை.”

வேம்பின் வேர் சீமெந்தைக் கிளப்பிவிடும், அதனால்தான் வரைபடத்தில் வாங்குகளைத் தள்ளிப் போட்டேன் என்று விளக்கினேன். நீ கேட்டுவிட்டுப் போனாய். மறுநாள் உன் கடையிலிருந்த இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள் வேம்புக்குக் கீழே நின்றன. ரியூசனுக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டுக் காத்திருக்கும் தாய்மார், நிழல் நகர நகரக் கதிரையையும் இழுத்துக்கொண்டு போனார்கள். நான் என்ன செய்தேன்? ‘தனியார் பொருள்’ என்று எழுதிக் களஞ்சியத்தில் போட்டேன்.

சண்டை கதிரையால் வரவில்லை, கொப்பியால் வந்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த நேரம், போன நேரம் என்று நிரல்களை நானே கோடு போட்டேன். பயன்பாட்டை அளக்காமல் பராமரிப்புக்குக் காசு கேட்க முடியாது என்பது என் வாதம். இப்போதும் அந்த வாதம் பிழையில்லை. அளந்த விதம்தான் பிழை.

“பேரும் நம்பரும் கேட்டால் சனம் வராது,” என்றாய். “குடுத்துக் குடுத்துக் களைச்ச சனம்.”

“அது அகதி முகாம். இது பூங்கா.”

“முள்ளுக்கம்பிக்கு அது தெரியுமோ? முகாமிலை உன்ர அம்மா பேர் குடுக்க எத்தினை தரம் வரிசையிலை நிண்டவா? நீயும் நானும் பக்கத்திலை நிண்டனாங்கள்.”

கோபம் வந்தால் நான் என்ன கதைப்பேன் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்களில் நான் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனேன், நீ பஞ்சர் ஒட்டப் போனாய். அதைச் சொல்லிக் காட்டினேன். “நீ சில்லை நிமித்து. வேலியை நான் பாக்கிறன்,” என்றேன். நீ சிரித்தாய். அடுத்த கிழமை வேலி வெட்டியிருந்தது. இரண்டு தரம் நான் கம்பி கட்டி அடைத்தேன், இரண்டு தரமும் திறந்தாய். மூன்றாந்தரம் உன் கடைக்கே வந்து கத்தினேன்.

நீ குந்தியிருந்து ஒரு சில்லைச் சுழற்றிக்கொண்டே சொன்னாய்: “ஒரு வாசல் மட்டும் இருந்தால் அது அடைப்படா. ரெண்டு இருந்தால்தான் வழி. சனம் முதல்லை வழியெண்டு வரும், பிறகு நிக்கும், பிறகு இருக்கும்.”

அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. மாசியில், அறுவடை மெசின் இறங்காத சகதி மூலையைக் கையால் வெட்டவென்று கனகராயன்குளத்தில் இருக்கும் உன் அண்ணையின் வயலுக்குப் போனாய். அந்தச் சகதியில்தான் எலிக்காய்ச்சல் பிடித்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நாலு நாள் பனடோல் போட்டாயாம். ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது உனக்கு நினைவில்லை, பிறகு அது திரும்பவேயில்லை. வேலி விசயம் அப்படியே நின்றுவிட்டது.

இன்றைக்கு வேம்புக்குக் கீழே சாக்கு விரித்து ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். செல்வி அக்கா இருந்தா. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், மகள் பின் ஒழுங்கையில் ரியூசன் படிக்கிறாள். ஏன் வாசலால் வருவதில்லை என்று கேட்டேன்.

“வாசல்ல பேரு கேப்பாங்க தம்பி. இதால வந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க,” என்றுவிட்டு என் கையிலிருந்த போனைப் பார்த்தா. “போட்டோ எடுத்து இந்த ஓட்டையையும் அடைக்கப் போறீங்களா?”

இல்லை என்று சொன்னேன். அவா நம்பவில்லை. பக்கத்திலிருந்த பெண்ணுக்கு, “இவருதான் முன்னாடி அடைச்சவரு,” என்று மெதுவாகச் சொன்னா. எனக்குக் கேட்டது.

வாசலில் காவலாளி தவம் அண்ணையிடம் போய், இத்தனை பேர் பின்னால் வருவதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று எரிந்து விழுந்தேன்.

“நீங்கள் கேக்கேல்லையே தம்பி. கொப்பியைத்தானே பாத்தனீங்கள்.” கொப்பியைத் தட்டித் தூசு போக்கினார். “முடிஞ்சால் புதுசு தாறன் எண்டனீங்கள். இது என்ர பேரப்பிள்ளையள் காலம்வரை காணும்.”

உன் பகிடி மாதிரியே இருந்தது. சிரிப்பு வரவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுத எனக்கு வராது. நீயும் வாசிக்கப் போவதில்லை. உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்று: ஒரு இடம் சரியாக இருக்கிறதா என்று தாளில் பார்க்காமல், அங்கே ஆக்கள் எப்படி வருகிறார்கள், எங்கே குந்துகிறார்கள் என்று பார்ப்பது. நீ சைக்கிளையும் அப்படித்தான் பார்த்தாய். ஓடி வருகிறவனின் முழங்காலைப் பார்த்துத்தான் சீற்றை உயர்த்தினாய். இனிச் செய்யப்போவது:

1. நாளை காலை, என் அட்டவணை பிழையென்று கையெழுத்திட்ட கடிதம். கேவலமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

2. வெள்ளி முதல் திங்கள் வரை, காலை, மத்தியானம், பின்னேரம் நானே போய்த் தலை எண்ணுவது. பெயர் கேட்பதில்லை. அந்தக் கணக்கோடு செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போய் நின்று கதைப்பது.

3. தீர்மானம் தள்ளிப்போனால் அன்றைக்கே கொப்பியை வாசலிலிருந்து எடுப்பது. தவம் அண்ணை வாங்குப் பக்கத்து மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றட்டும்.

4. பின்பக்கம் நாலடி அகலத்தில் வழி, கதவில்லாமல். வேலிக்கு மேலே ஓடும் முள்ளுக்கம்பி இறக்கப்பட வேண்டும். வரைபடம் இன்றிரவே கீறலாம்.

5. களஞ்சியத்திலிருந்து உன் கதிரைகள் இரண்டும் வேம்புக்குக் கீழே திரும்ப வரும். முதுகில் உன் கடைப் பெயர் எழுதியிருக்கிறது. அழிக்க மாட்டேன்.

6. வழி திறக்கும்வரை ரியூப் இருக்க வேண்டும். இரண்டு முனைகளில் வெடித்துவிட்டது. கடையை இப்போது உன் மனுசிதான் பார்க்கிறா. மாசிக்குப் பிறகு அந்த வாசலை நான் மிதிக்கவில்லை. சனிக்கிழமை போய்ப் பழைய ரியூப் கேட்க வேண்டும். எப்படிச் சுற்றினால் கழலாது என்றும் கேட்க வேண்டும். எனக்கு அது தெரியாது.